வளையம் எறிந்த கதையும் வராத சனிக்கிழமைப் பணமும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி, அதனால உக்காந்துட்டேன். பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

போன தடவை ஊருக்குப் போயிருந்தப்ப மங்கலம் நால்ரோட்டுல ஒரு ஃபிளெக்ஸ் பேனர் பார்த்தேன். நீங்களும் தொழிலதிபர் ஆகலாம், இலவசப் பயிற்சி, மானியத்துடன் கடன். கோட்டு போட்ட ஒருத்தர் கையைக் கட்டிக்கிட்டு சிரிச்சுக்கிட்டு நிக்கறார். எங்க ஊர் வெயில்ல கோட்டு போட்ட தொழிலதிபரை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை, அது வேற விஷயம். பைக் ஓட்டிக்கிட்டு வந்த என் மாமா பையன் அந்தப் பேனரைப் பார்த்தான். ஒண்ணும் சொல்லல. சிக்னல் மாதிரி ஒரு நிமிஷம் நின்னுட்டு வண்டியை எடுத்துட்டான்.

அவன் அந்த மாதிரி ஒரு வகுப்பு முடிச்சு சர்டிபிகேட் வாங்கினவன். கம்பெனி ஆரம்பிச்சு பத்தொன்பதாவது மாசம் மூடினவனும் அவன்தான். அதுல என்னோட பணமும் கொஞ்சம் போச்சு. பணம் போனதை விட இன்னொரு விஷயம்தான் எனக்கு உறுத்தல். அதை அப்புறம் சொல்றேன்.

முதல்ல என் கருத்தைச் சொல்லிடறேன், அப்புறம் திட்டறவங்க திட்டலாம். நம்ம ஊர்ல நடக்கற தொழில்முனைவோர் பயிற்சியில பெரும்பகுதி, பேங்க் வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போயி விட்டுட்டு வந்துடுது. கம்பெனி சாகறது அங்க இல்லை. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கழிச்சு, ஏதோ ஒரு சனிக்கிழமை சாயந்திரம் சாகுது. அப்ப பக்கத்துல எந்த வாத்தியாரும் இருக்கறதில்லை.

மங்கலம் தெரியாதவங்களுக்கு: திருப்பூருக்கு மேற்கே, சோமனூர் போற வழியில இருக்கு. நொய்யல் பக்கம். ஒரு காலத்துல ஊருக்குள்ள நுழைஞ்சாலே தறிச் சத்தம்தான். எங்க மாமாவும் தறிதான். கூலிக்கு நெசவு. நூல் பாவு அவங்க குடுப்பாங்க, நெஞ்சு குடுத்தா மீட்டருக்கு இவ்வளவுன்னு கூலி. அந்தக் கூலியை ஏத்தச் சொல்லி 2022-லயும் 2025-லயும் கோவை, திருப்பூர் விசைத்தறிக்காரங்க வாரக்கணக்குல தறியை நிறுத்திப் போராடினது பேப்பர் படிக்கறவங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்க மாமா அதுக்கு முன்னாடியே வெறுத்துப் போயி தறியைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுட்டார். தறிக்குடோன் மட்டும் காலியா நின்னுச்சு.

மாமா பையன் டிப்ளமோ படிச்சுட்டு ஒரு பனியன் கம்பெனியில செக்கிங்ல சேர்ந்து சூப்பர்வைசர் வரைக்கும் வந்திருந்தான். தையல் தெரியும், டைலருங்களைத் தெரியும், குடோன் வாடகை இல்லை. "மச்சான், பன்னெண்டு மிஷின் போட்டு ஒரு பவர் டேபிள் ஆரம்பிக்கலாம்" அப்படின்னான். பவர் டேபிள்னா, கம்பெனிக்காரங்க வெட்டின பீஸை வாங்கிட்டு வந்து தைச்சுக் குடுக்கறது. சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் மிஷின் இருந்தாப் போதும். திருப்பூர்ல முதலாளி ஆகறதுக்கு இதுதான் முதல் படிக்கட்டு.

கடனுக்கு ஒரு மானியத் திட்டத்துல அப்ளை பண்ணான். அதுக்குப் பயிற்சி வகுப்பு கட்டாயம். இதுல தப்பு எதுவும் இல்லை, நம்ம நாட்டுல முக்கியமான திட்டங்கள் அப்படித்தான் போட்டிருக்காங்க. மத்திய அரசோட பி.எம்.இ.ஜி.பி. 2008-ல வந்தது, தமிழக அரசோட நீட்ஸ் 2012-13-ல வந்தது. நீட்ஸ்ல பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடிச்ச முதல் தலைமுறை ஆளுங்களுக்கு 10 லட்சத்துல இருந்து 5 கோடி வரைக்கும் ப்ராஜெக்ட் போடலாம், 25 சதவீதம் மானியம், வட்டியில 3 சதவீதம் சலுகை. பயிற்சி குடுக்கறதுக்குன்னே தமிழக அரசு 2001-ல சென்னையில ஒரு நிறுவனம் ஆரம்பிச்சது. காகிதத்துல பார்த்தா கொஞ்சம் பொறாமையாவே இருக்கும். எங்க மாமா தறி போட்ட காலத்துல இப்படி ஒண்ணும் அவர் கண்ணுல பட்டதில்லை.

வகுப்பு பத்து நாள். கடைசி ரெண்டு நாள் நானும் பின் பெஞ்சுல போயி உக்காந்தேன் (வீட்டுல இருந்து பொட்டி தட்டிக்கிட்டிருந்த காலம், மேனேஜருக்குத் தெரியாது, இப்ப தெரிஞ்சாலும் பரவாயில்லை, அவரே வேற கம்பெனி போயிட்டார்). நல்ல மனுஷங்கதான் வகுப்பு எடுத்தாங்க. தன்னம்பிக்கை, எந்தெந்தத் துறைக்கு எந்த லைசென்ஸ், உத்யம் பதிவு, ஜி.எஸ்.டி., பேங்க் மேனேஜர்கிட்ட எப்படிப் பேசறது, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எப்படிப் போடறது. நடுவுல ஒரு விளையாட்டு. தரையில ஒரு குச்சியை நட்டு, தூரத்துல இருந்து வளையம் எறியணும். எவ்வளவு தூரத்துல நின்னு எறியறதுன்னு நாமளே முடிவு பண்ணிக்கலாம். பக்கத்துல நின்னு போட்டா பயந்தாங்கொள்ளி, ரொம்பத் தள்ளி நின்னா சூதாடி, நடுவாந்திரமா நின்னா தொழில்முனைவோர். நான் இதை வெச்சு ஆறு மாசம் மாமா பையனை ஓட்டிக்கிட்டிருந்தேன்.

அப்புறமாத்தான் தேடிப் பார்த்தேன். அந்த வளையத்துக்குப் பின்னால பெரிய வரலாறே இருக்கு. டேவிட் மெக்லெல்லாண்ட்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர், ஹார்வர்டு வாத்தியார். சாதிக்கணும்ங்கற வெறியைப் பயிற்சி குடுத்து வளர்க்க முடியும்னு நம்பினவர். 1964-ல ஆந்திராவுல காக்கிநாடாவைத் தேர்ந்தெடுத்து, அங்க இருந்த வியாபாரிங்களை ஹைதராபாத்துல இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்குக் கூட்டிட்டு வந்து வகுப்பு எடுத்தார். படத்தைப் பார்த்துக் கதை எழுதறது, வளையம் எறியறது எல்லாம் அவர் உபயோகிச்சது. பயிற்சி எடுத்தவங்க அதுக்கப்புறம் அதிகமா முதலீடு பண்ணாங்க, அதிகமா வேலைக்கு ஆள் எடுத்தாங்கன்னு 1969-ல புத்தகமே போட்டார். இன்னைக்கு இந்தியா பூரா நடக்கற இந்த வகுப்புகளுக்கு அதுதான் விதை. அறுபது வருஷம் ஆச்சு, குச்சியும் வளையமும் அப்படியே இருக்கு.

கவனிச்சுப் பாருங்க, காக்கிநாடாவுல அவர் கூட்டிட்டு வந்தது வியாபாரிங்களை. ஏற்கெனவே தொழில்ல இருந்தவங்களை. நாம அந்த வகுப்பை எடுத்து, இனிமேல்தான் கடன் வாங்கப் போறவனுக்கு முன்னாடி ஒரு கேட் மாதிரி நட்டு வெச்சிருக்கோம். கேட் தாண்டினதும் வளையத்துக்கு வேலை முடிஞ்சது.

கடைசி நாள் சாயந்திரம் நடந்ததுதான் எனக்கு இன்னும் மறக்கல. கேள்வி கேக்கலாம்னு சொன்னாங்க. எல்லாரும் மானியம் எப்ப வரும்னே கேட்டுக்கிட்டிருந்தாங்க. முன் வரிசையில ஒரு அக்கா, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், எந்திரிச்சாங்க. இருபது வருஷம் பேட்லாக் டைலரா இருந்தவங்களாம், ஏற்கெனவே வீட்டுல நாலு மிஷின் போட்டு ஓட்டிக்கிட்டு இருந்தாங்க.

"ஏனுங் சார், கம்பெனிக்காரங்க பணம் லேட்டாத்தானுங்க குடுக்கறாங்க. ஆனா நாம டைலருக்கு வாரமானா சனிக்கிழமை சம்பளம் போட்டே ஆகோணும். அந்த சனிக்கிழமை கையில பணம் இல்லைன்னா என்னங் பண்றது?"

நடைமுறை மூலதனத்தைச் சரியாத் திட்டமிடணும்மா, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்லயே அது வருது அப்படின்னார் அவர். அக்கா உக்காந்துட்டாங்க. அடுத்த கேள்வி மறுபடி மானியம்.

பத்து நாள் வகுப்புல கேட்ட ஒரே நிஜமான கேள்வி அதுதான். அதுக்கு ஒரு நாள் பூரா ஒதுக்கியிருக்கணும்.

இப்ப அந்த உறுத்தலுக்கு வர்றேன். மாமா பையனோட ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை எக்செல்ல போட்டுக் குடுத்தது நான்தான். இஞ்சினியர் இல்லையா, ஃபார்முலா எல்லாம் ஜோரா போட்டேன். முதல் வருஷம் 70 சதவீதம் உற்பத்தி, ரெண்டாவது வருஷம் 80, மூணாவது வருஷம் 90. வரவேண்டிய பணம் 30 நாள்ல வந்துடும். ஒரு மாதிரி ரிப்போர்ட்ல இருந்ததை அப்படியே எடுத்தேன். பேங்க்ல ஒரு கேள்வி கேக்கல. வகுப்புலயும் கேக்கல. கோடு எழுதினா டெஸ்டிங்குக்கு ஒரு ஆள் இருக்கான், இந்த ஷீட்டை டெஸ்ட் பண்ண ஒருத்தனும் இல்லை.

உண்மையில என்ன நடந்துச்சுன்னு பாருங்க. புரியறதுக்காக எண்ணை முழுசாக்கிச் சொல்றேன். ஒரு டி-ஷர்ட் தைக்க 14 ரூபாய். டைலர் பீஸ் ரேட், செக்கிங், கைமடி, நூல், கரண்ட் எல்லாம் போக 13 ரூபாய் செலவு. லாபம் ஒரு ரூபாய், எக்செல்ல பச்சைக் கலர்ல வருது. பணம் 30 நாள்ல வரல, மூணு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் சனிக்கிழமை சம்பளத்துக்கு வெளிய ரெண்டு வட்டிக்கு வாங்கறான். 13 ரூபாய்க்கு மூணு மாச வட்டி 78 பைசா. லாபம் 22 பைசா ஆயிடுச்சு. நூறு பீஸ் தைச்சா 22 ரூபாய். அந்த நூறுல ஒரே ஒரு பீஸ் டேமேஜ்னு கம்பெனி டெபிட் போட்டா, தையல் கூலியை மட்டும் கழிக்கறதில்லை, மொத்த டி-ஷர்ட் விலையையும் கழிப்பாங்க. 110 ரூபாய்னு வெச்சுக்கங்க. இப்ப நூறு பீஸுக்கு 88 ரூபாய் நஷ்டம். அதிகமா தைச்சா அதிகமா நஷ்டம். இது புரியாம அவன் ஒன்றரை ஷிப்ட் ஓட்டிக்கிட்டிருந்தான்! உழைச்சாச் சரியாயிடும்னு நினைச்சான். நானும்தான்.

2022 ஜூலையில ஆரம்பிச்சது. நேரமும் சரியில்லை, ஒத்துக்கறேன். அந்த வருஷம் நூல் விலை ஏறிப் போயி திருப்பூரே திண்டாடுச்சு, அப்புறம் ஏற்றுமதி ஆர்டரும் படுத்துச்சு. ஆனா பக்கத்துலயே அந்த அக்கா தாக்குப் பிடிச்சாங்க. அதனால காலத்தை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. 2024 ஜனவரி கடைசியில மிஷினை வித்தோம். இன்னைக்கும் அந்தக் குடோன் காலிதான்.

சட்டம் பத்தி ஒரு வார்த்தை. சின்னக் கம்பெனிக்கு வேலை குடுத்தவங்க எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள்லயும், இல்லாட்டி 15 நாள்லயும் பணம் குடுக்கணும்னு 2006-ம் வருஷச் சட்டமே சொல்லுது. தாண்டினா பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி. 2023 பட்ஜெட்ல வருமான வரியிலயும் ஒரு பிடி போட்டாங்க, கெடுவுக்குள்ள குடுக்காத பணத்தை அந்த வருஷச் செலவுல காட்ட முடியாது. மாமா பையன் உத்யம் சர்டிபிகேட்டை பிரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருந்தான். அந்தக் காகிதத்துக்கு இப்படி ஒரு உரிமை இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் கம்ப்ளெயின்ட் குடுத்திருப்பானான்னு கேட்டா, மாட்டான். அடுத்த லாட் யாரு குடுப்பா? ஆனா தெரிஞ்சு பேசறதுக்கும் தெரியாம கெஞ்சறதுக்கும் வித்தியாசம் இருக்கு இல்லையா.

சரி, பயிற்சியே வேஸ்ட்டுன்னு சொல்றியான்னு கேட்டா, இல்லை. எங்க ஊர்ப் பெரியவங்க சொல்வாங்க, திருப்பூர்ல எவன் வகுப்புக்குப் போயி முதலாளி ஆனான்? கைமடியில சேர்ந்து, டைலராயி, கட்டிங் கத்துக்கிட்டு, மாமன் மச்சானோட கூட்டு சேர்ந்து வந்தவங்கதான் எல்லாருமேன்னு. முக்கால்வாசி உண்மை. ஷரத் சாரின்னு ஒரு ஆய்வாளர் இதைப் பத்தி 2004-ல ‘ஃபிரட்டர்னல் கேப்பிட்டல்’னு ஒரு புத்தகமே எழுதினார். எப்படி மேல வந்தீங்கன்னு அவர் திருப்பூர் முதலாளிங்களைக் கேட்டா, திரும்பத் திரும்ப வந்த பதில் உழைப்பு. கவுண்டர் சமூகத்துல இருந்து தொழிலாளியா வந்தவங்க எப்படி முதலாளி ஆனாங்கங்கறதுதான் அந்தப் புத்தகம்.

மீதி கால்வாசிதான் முக்கியம். அதே 2004-ல அபிஜித் பானர்ஜியும் (ஆமா, 2019-ல நோபல் வாங்கினவரேதான்) கைவான் முன்ஷியும் திருப்பூர் பனியன் கம்பெனிகளை வெச்சு ஒரு ஆய்வுக் கட்டுரை போட்டாங்க. உள்ளூர் சமூகத்து ஆளுங்ககிட்ட மிஷின், முதலீடு எல்லாம் அதிகம். வெளியில இருந்து வந்தவங்க கம்மி முதலோட ஆரம்பிக்கறாங்க, ஆனா வேகமா வளர்ந்து சில வருஷத்துல உற்பத்தியில தாண்டிப் போயிடறாங்க. அதாவது பணம் ஒரு பக்கம் குவிஞ்சிருந்தது, திறமை எல்லாப் பக்கமும் இருந்தது. எங்க வீட்டுல மாமா குடோன் குடுத்தார், நான் பணம் குடுத்தேன். தென் மாவட்டத்துல இருந்து பஸ் ஏறி வந்து இருபது வருஷம் தைச்ச ஒரு பொம்பளைக்கு எந்த மாமா இருக்கார்? அவங்களுக்கு அந்த வகுப்பும் மானியமும்தான் மாமா. அதனால வகுப்பை மூடுன்னு நான் சொல்லவே மாட்டேன். வளையத்தையும் இனிமே கிண்டல் பண்ண மாட்டேன்.

கிண்டல் பண்ணாததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஆப்பிரிக்காவுல டோகோங்கற நாட்டுல 1500 சின்னச் சின்னத் தொழில் பண்றவங்களை வெச்சு ஒரு சோதனை நடந்துச்சு, 2017-ல முடிவு வந்தது. ஒரு பகுதிக்கு வழக்கமான கணக்கு-மார்க்கெட்டிங் வகுப்பு. இன்னொரு பகுதிக்கு, பிரச்சினை வர்றதுக்கு முன்னாடி நாமளே முந்திக்கிட்டு எப்படி யோசிக்கறதுங்கற மனப்பயிற்சி. மூணாவது பகுதிக்கு ஒண்ணுமில்லை. மனப்பயிற்சி எடுத்தவங்களுக்கு லாபம் 30 சதவீதம் கூடுச்சு. வழக்கமான வகுப்புக்குப் போனவங்களுக்கு உறுதியாச் சொல்ற அளவுக்கு ஒண்ணும் கூடல. ஆக, மெக்லெல்லாண்ட் முழுசா தப்பு இல்லை. ஆனா பலருக்குக் கண்ணுல படாத ஒரு விஷயம், அங்க எல்லாருமே ஏற்கெனவே தொழில் நடத்திக்கிட்டிருந்தவங்க. வகுப்பு முடிஞ்சும் வாத்தியார் மாசம் ஒரு தடவைன்னு நாலு மாசம் அவங்க கடைக்கே போயிப் பார்த்தார்.

நம்ம நாட்டுலயே இன்னொரு உதாரணம். மும்பைக்குப் பக்கத்துல தாராப்பூர், உம்பர்காவ் பக்கம் இருக்கற நெசவு மில்லுகள்ல நிக்கோலஸ் புளூம்ங்கற பொருளாதார நிபுணரும் அவர் கூட்டாளிகளும் நடத்தின ஆய்வு, 2013-ல வெளிவந்தது. கன்சல்டன்ட்டுங்க மாசக்கணக்குல மில்லுக்குள்ளயே நின்னாங்க. எந்த மிஷின் ஏன் நின்னுச்சு, எவ்வளவு துணி டேமேஜ், ஸ்டோர்ல என்ன இருக்குன்னு தினம் எழுத வெச்சாங்க. பெரிய ராக்கெட் சயின்ஸ் எல்லாம் இல்லை. ஒரே வருஷத்துல உற்பத்தித் திறன் 17 சதவீதம் ஏறுச்சு. பல வருஷம் கழிச்சுத் திரும்பப் போயிப் பார்த்தா பாதிப் பழக்கத்தை விட்டிருந்தாங்க, ஆனாலும் மத்த மில்லுகளை விட மேலதான் இருந்தாங்க. அதெல்லாம் பெரிய மில்லு, பன்னெண்டு மிஷின் குடோன் இல்லை, தெரியும். எங்க குடோன்ல டேமேஜை எழுதி வைக்க ஒரு நோட்டு கூட இல்லைங்கறதும் எனக்குத் தெரியும்.

இதெல்லாம் நம்ம அரசாங்கத்துக்குத் தெரியாதான்னா, தெரியும். தர்மஸ்தலா பக்கம் உஜிரேல 1982-ல ஆரம்பிச்ச ருட்செட்டி மாதிரியைப் பார்த்துத்தான் மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு பேங்குகள் நடத்தற கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் வந்துச்சு. அவங்க விதியிலயே, பயிற்சி முடிஞ்சு ரெண்டு வருஷம் கூடவே இருந்து பார்த்துக்கணும்னு இருக்கு. அந்த ரெண்டு வருஷத்தை நிஜமாவே ரெண்டு வருஷமா நடத்தினாப் போதும், நான் இந்தப் பதிவை அழிச்சுடறேன் :-)

எனக்குத் தோணறது இதுதான். பத்து நாள் வகுப்பை நாலு நாளாக் குறைங்க. மிச்சம் இருக்கற ஆறு நாளை அடுத்த ரெண்டு வருஷத்துல பரப்பி விடுங்க. நாலு மாசத்துக்கு ஒரு நாள், ஒரு ஆள் அந்தக் குடோனுக்கே வரணும். டெபிட் நோட்டைக் காட்டு, சலானைக் காட்டு, போன மூணு மாசம் எந்தக் கம்பெனி எத்தனை நாள்ல பணம் குடுத்துச்சு, எழுதிக் காட்டுன்னு கேக்கணும். வகுப்பை ராத்திரி எட்டு மணிக்கோ ஞாயித்துக்கிழமையோ வைங்க. ஏற்கெனவே தொழில்ல இருக்கறவன் செவ்வாய்க்கிழமை காலையில பத்து மணிக்கு ஏசி ஹாலுக்கு வர மாட்டான், வந்தா அன்னைக்கு மிஷின் ஓடாது. 2025 ஆகஸ்ட் 27-ல அமெரிக்கா நம்ம சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கினப்ப, வேற நாட்டுச் சந்தையைப் பிடிக்கறது எப்படின்னு கருத்தரங்கு, கூட்டம்னு நிறைய பேச்சு. ஏற்றுமதியாளருக்கு அது அவசியம்தான். ஆனா ஆர்டர் நின்னா முதல்ல மிஷின் நிக்கறது பவர் டேபிள்காரனுக்கு. ஒரு கம்பெனியை மட்டும் நம்பி இருக்கற அவனுக்கு, ரெண்டாவது கம்பெனிக்கு எப்படிப் போறது, எந்த ரேட்டுக்குக் கீழ வேலையே வேண்டாம்னு சொல்றதுங்கறதுதான் சந்தையைப் பிடிக்கற பாடம். அதை யாரு எடுக்கறது?

எடுக்க ஆள் இருக்கு. போன தடவை ஊர்ல இருந்தப்ப அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். இப்ப ஒன்பது மிஷின். சுவத்துல தினக் காலண்டர், ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலயும் அன்னைக்கு எத்தனை பீஸ், எத்தனை ஆல்ட்ரேஷன், யாரு பணம் பாக்கின்னு பென்சில்ல எழுதி, கிழிச்ச தாளை எல்லாம் கம்பியில குத்தி வெச்சிருந்தாங்க. என்னோட எக்செல்லை விட நூறு மடங்கு உருப்படியான டேட்டாபேஸ். கம்பெனிக்காரங்ககிட்ட ஒரே கண்டிஷன்தானாம்.

"வாரக்கூலிக்கு ஆகற அளவு பணம் வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தாத்தான் அடுத்த கட்டை இறக்குவேனுங்க தம்பி. மிச்சம் மெதுவாக் குடுங்கன்னுடுவேன். நாலு பேரு போயிட்டாங்க. ரெண்டு பேரு நின்னாங்க. அது போதும்."

வகுப்புல இதைச் சொல்லிக் குடுக்க வர்றீங்களாக்கா, ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு சம்பளம் குடுத்தாங்கன்னான்னு கேட்டேன். சிரிச்சாங்க.

"நான் போயி என்னத்தத் தம்பி சொல்றது, எட்டாவது கூட முடிக்கல." கொஞ்ச நேரம் பேட்லாக் மிஷினைத் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. "ஞாயித்துக்கிழமைன்னா வர்றேன்."

டிஸ்கி: மாமா பையன்கிட்ட படிச்சுக் காட்டி, சரின்னு சொன்னதுக்கப்புறம்தான் இதைப் போடறேன். எக்செல் கதையைப் படிச்சதும், "இப்பவாவது ஒத்துக்கிட்டியே மச்சான்"னான்.